மூச்சு திரும்பும் வரையில்



சிதம்பரத்துக்காரர்களுக்கு ஒரு கணக்கை நான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொன்னம்பலத்தின் கூரையிலே வேய்ந்திருக்கும் பொன்னோடுகள் 21,600 என்றும், ஒரு மனிதன் ஒரு நாளில் விடுகின்ற மூச்சின் எண்ணிக்கையும் அதுவேயென்றும், கனகசபையின் முன்னே நிறுத்திவைத்து விரல் நீட்டிக் காட்டிப் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கணக்கை வகுத்துப் பார்த்தால் நிமிஷத்துக்கு 15 மூச்சு வருகிறது. இன்றைய வைத்திய சாஸ்திரம் ஆரோக்கியமான சரீரத்துக்குச் சொல்லும் எண்ணிக்கையோடு அது பொருந்தியே நிற்கிறது. ஆனால், அன்பர்களே, இந்த 21,600-இல் ஒன்றையேனும் நாம் எண்ணி விடுகிறோமா? உண்ணும்போதும் உறங்கும்போதும், சண்டையிடும்போதும் சமாதானமாகும்போதும், நம்மைக் கேளாமலே அது வந்து போய்க்கொண்டிருக்கிறது. மற்றொருவருடைய மூச்சை ஒவ்வொன்றாக எண்ணி, என் கையாலேயே விட்டுக்கொண்டிருந்த ஓர் இரவு என் வாழ்க்கையில் உண்டு. அந்த இரவைப் பற்றிப் பேசவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, தையலும் போட்டாகிவிட்டது, மயக்க மருந்தையும் நிறுத்தியாகிவிட்டது. ஆயினும் நோயாளியின் மார்பு அசையவில்லை, இமை திறக்கவில்லை, விரல்நுனி கூடத் துடிக்கவில்லை. தசைகளைத் தளர்த்துவதற்காகக் கொடுத்த மருந்து, சில நிமிஷங்களில் விட்டுப் போக வேண்டியது, மணிக்கணக்காகப் பிடியைத் தளர்த்தாமல் நிற்கிறது. இது ஏன் நேர்கிறது? யாருக்கு நேர்கிறது? நேர்ந்தால் என்ன செய்வது? இவையே இன்றைய சொற்பொழிவின் விஷயம்.

மயக்கம் கொடுப்பது என்றால் தூங்க வைப்பது என்றே பொதுமக்கள் எண்ணுகிறார்கள். 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி பாஸ்டன் நகரத்திலே மார்ட்டன் என்பவர் ஈதரை முகரச் செய்து காட்டிய அன்றும், அடுத்த ஆண்டிலேயே கல்கத்தாவில் அதே ஈதர் பிரயோகிக்கப்பட்ட அன்றும் அப்படித்தான் இருந்தது. ஆனால் தூங்குகிறவன் வயிறு இறுகித்தான் இருக்கும்; இறுகிய வயிற்றுக்குள்ளே கத்தியும் கையும் எப்படிப் போகும்? அதற்காக ஈதரை மேலும் மேலும் கொடுத்து, நோயாளியை மரணத்தின் வாசல்வரை அழைத்துச் சென்று திரும்ப அழைத்து வருவதுதான் ஏறக்குறைய நூறு ஆண்டுக்காலம் மயக்கவியல் டாக்டர்களாகிய எங்கள் தொழிலாக இருந்தது. 1942-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் தேதி மான்ட்ரீல் நகரத்து டாக்டர் ஹரால்டு கிரிஃபித், தென்அமெரிக்கக் காட்டுவாசிகள் அம்புமுனையில் தடவி வேட்டையாடிய குராரே என்னும் நஞ்சைச் சுத்தம் செய்த வடிவில் ஒரு நோயாளிக்கு ஊசியாகப் போட்டபோது, அந்த நூறாண்டு வழக்கம் முடிவுக்கு வந்தது. லேசான தூக்கமே போதும், தசையைத் தனியே தளர்த்திக்கொள்ளலாம் என்ற பாதை அன்று திறந்தது.

அந்த நஞ்சைப் பற்றி ஒரு பழைய விருத்தாந்தம் உண்டு. மருத்துவ மாணவர்கள் இதை மறக்கலாகாது. 1814-இல் சார்லஸ் வாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் முன்னிலையில் ஒரு கழுதைக்கு இந்த நஞ்சை ஏற்றினார்கள். கழுதை சரிந்தது, மூச்சு நின்றது. உடனே அதன் மூச்சுக்குழாயைக் கீறி, அதில் துருத்தியைப் பொருத்தி, கொல்லன் உலைக்கு ஊதுவதுபோல் விடாமல் ஊதினார்கள். நஞ்சின் வேகம் தணிந்ததும் கழுதை எழுந்து நின்றது. அதன் பிறகு ஏறக்குறைய 25 ஆண்டுகள் புல் மேய்ந்து வாழ்ந்தது. இதன் பொருள் என்ன? இந்த மருந்து எவரையும் தானாகக் கொல்வதில்லை, மூச்சைத்தான் நிறுத்துகிறது. அந்த மூச்சை வேறொருவர் விட்டுக்கொண்டிருந்தால், மருந்து தானே தோற்று விலகும் வரையில் உயிர் பத்திரமாக இருக்கும்.

இன்னொரு பரிசோதனையும் உண்டு; இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும். 1947-இல் அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் ஸ்காட் ஸ்மித் என்ற மயக்கவியல் டாக்டர், தூக்க மருந்து எதுவும் இல்லாமல், முழு விழிப்பில், குராரே மருந்தைத் தமக்கே செலுத்தச் சொல்லிப் படுத்துக்கொண்டார். சரீரம் முழுவதும் செயலற்றுப் போயிற்று; மற்றவர்கள் அவருக்காக மூச்சு விட்டார்கள். மருந்து தெளிந்தபின் அவர் எழுந்து, நடந்தவை அனைத்தையும் ஒன்று விடாமல் சொன்னார். கேட்டது, உணர்ந்தது, வலித்தது எல்லாமே அவருக்கு நினைவிருந்தது. தளர்ந்தது தசை மாத்திரமே. பிரக்ஞை ஓர் இம்மியும் தளரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இனி ஸ்கோலின். சக்சினைல்கோலின் என்பது அதன் ரசாயனப் பெயர்; நம் நாட்டு ஆபரேஷன் தியேட்டர்களில் ஸ்கோலின் என்றால்தான் தெரியும். 1906-லேயே அமெரிக்காவில் ரீட் ஹன்ட் என்பவரும் அவருடைய சகாவும் இதைச் சோதித்தார்கள்; ஆனால் முன்னமே குராரே கொடுத்துத் தளர்த்தி வைத்திருந்த பிராணிகளிடத்தில் சோதித்தமையால், இதன் தளர்த்தும் குணம் அவர்கள் கண்ணுக்குத் தப்பிவிட்டது. கையிலிருந்த பொருளின் குணம் தெரிய மேலும் 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1949-இல் டேனியல் போவே அதை வெளிப்படுத்தினார், 1951-இல் ஸ்டாக்ஹோமில் நோயாளிகளுக்குப் பிரயோகமாயிற்று. ஊசி போட்டவுடன் தசைகளெல்லாம் குளத்து நீரில் காற்று பட்டாற்போல் ஒருமுறை சிலிர்த்து அடங்கும். ஒரு நிமிஷத்தில் முழுத் தளர்ச்சி. தொண்டைக்குள் டியூப் போட அதைவிடத் துரிதமான சகாயம் வேறில்லை. ஐந்து முதல் பத்து நிமிஷத்தில் மருந்து மறைந்து, நோயாளி தாமே மூச்சு விடத் தொடங்குவார்.

எப்படி மறைகிறது? நம் ஈரல் ஒரு நொதியைச் செய்து இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. சூடோகோலினெஸ்டரேஸ் என்று பெயர். ஸ்கோலின் இரத்தத்தில் ஏறியதும் இந்த நொதி அதன்மேல் பாய்ந்து துண்டு துண்டாக்கிவிடுகிறது. போட்ட மருந்தில் பெரும்பகுதி தசையைச் சென்று சேர்வதற்கு முன்பே அழிந்துபோகிறது. நாங்கள் அளந்து கொடுக்கும் அளவே, வழியில் இவ்வளவு அழியும் என்று கணக்கிட்டுக் கொடுக்கும் அளவுதான். அப்படியானால், இந்த நொதி இல்லாமலே பிறந்தவர் ஒருவர் இருந்தால் அவர் கதி என்ன? போட்டது முழுதும் தசையைச் சேரும். சேர்ந்தது போக வழியின்றி அங்கேயே நிற்கும். சிறுநீரில் மெள்ள மெள்ளக் கழிய வேண்டும், தானாகச் சிறிது சிறிதாகச் சிதைய வேண்டும். அதற்கு இரண்டு மணி நேரமாகலாம், நான்கு மணி நேரமாகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.

அப்படிப் பிறந்த ஒருவரை நான் சந்தித்த இரவுக்கு வருகிறேன்.

நான் படித்து முடித்து வந்த புதிது. கடலூரில் ஒரு சிறு நர்சிங் ஹோம். முதல் பிரசவத்துக்கு வந்திருந்த ஓர் இளம்பெண்ணுக்குக் குழந்தை குறுக்கே நின்றுவிட்டது. உடனே வயிற்றைத் திறந்தாக வேண்டும். தூக்கத்துக்குப் பென்டோதால் கொடுத்தேன், ஸ்கோலின் கொடுத்தேன், டியூப் போட்டேன். சில நிமிஷங்களில் குழந்தை வெளியே வந்து வீறிட்டது. பெண் குழந்தை. எல்லோருக்கும் சந்தோஷம். நான் மூச்சு கொடுக்கும் பையை அழுத்திக்கொண்டு, தாயின் மூச்சு திரும்பட்டும் என்று காத்திருந்தேன். பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. தையல் முடிந்து சர்ஜன் கையுறையைக் கழற்றினார். மூச்சு வரவில்லை.

அந்த நர்சிங் ஹோமில் வென்டிலேட்டர் இல்லை. கறுப்பு ரப்பர்ப் பை ஒன்று, ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டு, என் கை ஒன்று, அவ்வளவுதான். அழுத்தினால் மார்பு எழும்பும், விட்டால் தாழும். மின்சாரம் வேறு நின்றுவிட, சிஸ்டர் ஓர் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நாடி நன்றாக இருந்தது. இரத்த அழுத்தம் நன்றாக இருந்தது. கண்மணி ஒளிக்குச் சுருங்கியது. மூச்சு மாத்திரம் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து, பையைச் சர்ஜன் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து வீட்டாரிடம் விஷயத்தைச் சொன்னேன். கடைவீதியில் மளிகை வியாபாரம் செய்யும் குடும்பம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். மற்றவர்கள் அழத் தொடங்கினார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டி மாத்திரம் அழவில்லை. "தம்பி, என் தங்கச்சிக்கும் இப்படித்தான் ஆச்சு. விஜயவாடாவில சாயங்காலம் ஆபரேஷன் பண்ணாங்க, விடியற வரைக்கும் எழுந்திருக்கல. அப்புறம் நல்லாத்தான் இருந்தா" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை மாலையிலேயே நான் கேட்டிருக்கலாமே! யார் தடுத்தார்கள்? அவர் சொல்ல மறுக்கவில்லை, நான்தான் கேட்கவில்லை. ஆஸ்துமா உண்டா என்று கேட்டேன், சர்க்கரை உண்டா என்று கேட்டேன், கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். உங்கள் குடும்பத்தில் யாராவது ஆபரேஷனுக்குப் பிறகு விழிக்கத் தாமதித்ததுண்டா என்று கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய பிழையும் அன்று செய்தேன். தூக்க மருந்தை நிறுத்தி அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் மூச்சைப் பற்றியே கவலைப்பட்டேனே தவிர, அவள் விழித்திருப்பாளோ என்று எண்ணவில்லை. ஸ்காட் ஸ்மித்தின் பரிசோதனையைப் புத்தகத்தில் படித்தவன்தான் நான். கண்ணோரத்தில் நீர் வழிந்திருப்பதைச் சிஸ்டர் விளக்கைத் தாழ்த்திக் காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. உடனே தூக்கத்துக்கு மருந்து கொடுத்தேன். அவள் காதருகே குனிந்து, "அம்மா, உங்களுக்குப் பெண் குழந்தை. நல்லா இருக்கா. மருந்து வேகம் குறையலே, அதனாலதான் அசைய முடியலே. நான் மூச்சு விட்டுக்கிட்டிருக்கேன், பயப்படாதீங்க" என்று சொன்னேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் அவள் என்னிடம் சொன்னாள்: தியேட்டரில் யாரோ, "இது இனிமே தேறாதுபோல" என்று சொன்னது அவளுக்குக் கேட்டிருந்தது.

நான்கு மணி நேரம். நிமிஷத்துக்கு 15 என்று வைத்தால் 3,600 மூச்சு. பொன்னோடுகளின் கணக்கிலே ஆறில் ஒரு பங்கு. கை மரத்து, சர்ஜன் மாற்றிப் பிடித்து, மறுபடி நான் பிடித்து, விடியலுக்குச் சற்று முன்னே, நான் அழுத்தாத ஒரு கணத்தில், பை என் உள்ளங்கைக்குள் சிறிதே சுருங்கியது. யாரோ மறுமுனையிலிருந்து இழுத்தாற்போல ஒரு சிறு இழுப்பு. கண்ணுக்குத் தெரிவதற்கு முன் கைக்குத் தெரிந்துவிட்டது. தூண்டிற்காரனுக்குக் கயிற்றிலே தெரிவதுபோல என்று சொல்லலாமா? வேறு உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

மாணவர்களே, அந்த இரவில் நான் செய்யாமல் விட்டது ஒன்று நல்லதாக முடிந்தது. நியோஸ்டிக்மின் போடலாமே என்று கை பரபரத்தது. மற்றத் தசைதளர்த்திகளுக்கு அது மாற்று மருந்து. ஆனால் இங்கே, இருக்கிற சிறிது நொதியையும் அது முடக்கித் தாமதத்தை நீட்டிவிடக்கூடும். ஸ்கோலின் நீடித்தால் செய்யவேண்டியவை மூச்சும், தூக்கமும், பொறுமையும். மணிக்கட்டு நரம்பில் சிறு மின்தூண்டல் கொடுத்துக் கட்டைவிரல் உரமாக அசைகிறதா என்று பாருங்கள். அசையும் வரையில் டியூபை எடுக்காதீர்கள்.

இப்போது, இது யாருக்கு நேர்கிறது என்ற கேள்விக்கு வருவோம். கனடாவில் வெர்னர் காலோ என்பவர் 1950-களிலேயே இது பரம்பரையாக வருவது என்று நிறுவினார். ஒருவருடைய மருந்துக் குணம் அவருடைய வம்சத்தில் எழுதியிருக்கிறது என்ற சாஸ்திரம் வளர்வதற்கு அது ஓர் அஸ்திவாரம். இந்நொதி அறவே இல்லாதவர்கள் ஐரோப்பியரிடையே லட்சத்தில் ஒருவர் என்பது வழக்கமான கணக்கு. நம் தென்னாட்டிலோ, ஆரிய வைசியர் என்றும் கோமுட்டிச் செட்டியார் என்றும் வழங்கும் சமூகத்தில், நூறு பேரில் சிலர் என்ற அளவில் இது காணப்படுகிறது. 1979-இல் ஆந்திரத்து ஆராய்ச்சியாளர்கள் இந்த அதிக விகிதத்தை வெளியிட்டார்கள். 2006-இல் கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பூபதியும் சகாக்களும் அதன் காரணத்தையே கண்டுபிடித்தார்கள்: நொதியின் சங்கிலியில் 307-ஆவது கண்ணியில் லூசின் இருக்க வேண்டிய இடத்தில் புரோலின் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஒரு கண்ணி மாறியது; நொதி உருக்குலைந்தது.

ஒரு சமூகத்தில் மாத்திரம் இது ஏன்? 2009-இல் ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையத்துத் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சகாக்களும் இந்தியக் குலங்களின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, இன்று லட்சக்கணக்காக இருக்கும் வைசியர்கள், 2,000 ஆண்டுகளுக்கும் முன்னே இருந்த மிகச் சிலரின் சந்ததியார் என்றும், அன்றிலிருந்து வெளியே பெண் கொடுக்காமலும் எடுக்காமலும் வந்தவர்கள் என்றும் தெரிந்தது. கோதாவரிக் கரையைச் சார்ந்த பெனுகொண்டாவில் வாசவி கன்னிகா பரமேசுவரியோடு 102 கோத்திரத்தார் தீக்குளித்தார்கள் என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஐதிகமும், ஒரு சிறு கூட்டம் தன்னைத் தனியே பிரித்துக்கொண்ட கதையாகத்தான் என் காதில் விழுகிறது. அதற்குமேல் மாமன் மகளை மணப்பதை விடாத சம்பிரதாயம். அந்தச் சிலரில் ஒருவரிடம் இருந்த ஓர் எழுத்துப் பிழை, இரண்டு பக்கமாகவும் வந்து ஒரே குழந்தையிடம் சேர்வதற்கு அது வழி வகுத்தது.

இங்கே இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். செட்டியார் என்ற பட்டம் பல சமூகங்களுக்கு உண்டு. இந்தச் சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தை நிறுவிய செட்டியார் வள்ளலின் நகரத்தார் மரபு வேறு, இது வேறு. குழப்பிக்கொண்டு யாரையும் அச்சுறுத்தாதீர்கள். மற்றொன்று, இது நோயே அன்று. நொதி இல்லாமல் பிறந்தவர்கள் நன்றாக உண்டு, நன்றாக வியாபாரம் செய்து, பேரன் பேத்தி எடுத்து வாழ்கிறார்கள். ஸ்கோலின் ஊசி குறுக்கிடாதவரை அவர்கள் சரீரத்தில் ஒரு குறையும் வெளிப்படுவதில்லை. இதில் வெட்கப்படுவதற்கு என்ன இருக்கிறது? பெண் பார்க்க வரும்போது மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அக்காள் மகளையும் அத்தை மகனையும் மணந்துகொள்ளும் எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் ஏதாவது ஓர் எழுத்துப் பிழை இவ்வாறு சேரத்தான் செய்யும்.

பிறவியிலே நொதி உள்ளவர்களும் அதை இழக்கக்கூடும். கர்ப்பத்தில் சிறிது குறையும். ஈரல் கெட்டால் குறையும். ஆனால் நம் மாவட்டத்தில் நான் அடிக்கடி பார்த்த காரணம் பூச்சிமருந்து. வீராணத்துப் பாசன வயல்களிலும் பண்ணுருட்டி முந்திரித் தோப்புகளிலும், மூக்கில் ஒரு துணி கூடக் கட்டாமல், வெறும் மேலோடு, காற்றுக்கெதிரே தெளிப்பான் பிடித்து நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் இந்த நொதியைத்தான் பற்றி முடக்குகின்றன; அது மீள வாரக்கணக்கில் ஆகும். அவர்களில் ஒருவர் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று வந்து படுத்தால், "வயலுக்கு மருந்து அடிச்சீங்களா? எப்போ அடிச்சீங்க?" என்று கேட்காமல் ஸ்கோலினைத் தொடலாகாது. மனமுடைந்து அதே மருந்தைக் குடித்துவிட்டுக் கொண்டுவரப்படுகிறவர்களுக்கு டியூப் போடும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும்.

ஸ்கோலின் தவிர்த்த மற்றத் தளர்த்திகளும் சிற்சில வேளைகளில் தாமதிக்கும். சிறுநீரகக் கோளாறும், உடல் குளிர்ந்து போவதும், வலிப்புக்குக் கொடுத்த மெக்னீசியமும் அதற்குக் காரணமாகலாம். அந்தத் தளர்த்திகளுக்கு மாற்று மருந்துகள் உள. ரோக்குரோனியத்துக்குச் சுகமாடெக்ஸ் வந்துவிட்ட பிறகு, ஸ்கோலின் ஒவ்வாதவருக்கு டியூப் போடும் சங்கடமும் பெரும்பாலும் தீர்ந்தது.

ஆகவே நான் உங்களிடம் யாசிப்பது பெரிய காரியம் அன்று. உங்கள் வீட்டில் யாருக்கேனும் ஆபரேஷனுக்குப் பின் மூச்சு திரும்பத் தாமதமாகியிருந்தால், அந்த டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். இரத்தத்தில் சூடோகோலினெஸ்டரேஸ் அளவைப் பாருங்கள். தாய் தந்தை இருவரும் அந்தப் பிழையைச் சுமப்பவர்களானால், உடன்பிறந்தார் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, ஆதலால் அவர்களுக்கும் பாருங்கள். அடுத்த முறை எந்த ஊரில், எந்தத் தியேட்டரில் படுத்தாலும், முதலில் அந்தத் தாளை நீட்டுங்கள்.

அந்தப் பெண்ணுக்கும் அப்படி ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். ஸ்கோலின் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு, சில வருஷங்களுக்கு முன்னே, இதே சிதம்பரத்தில், பித்தப்பை ஆபரேஷனுக்காகத் தன் மகளை அழைத்துக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். அன்றிரவு வீறிட்ட குழந்தைதான் அந்த மகள். அம்மாள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே என் தாள், மடிப்பெல்லாம் பழுத்துப்போய். திருப்பிப் பார்த்தேன், பின்புறம் முழுதும் தெலுங்கில் பெயர்கள், சிலவற்றுக்கெதிரே ஒரு புள்ளி. எனக்குத் தெலுங்கு படிக்க வராது. என்னம்மா இது என்று கேட்டேன்.

"எங்க சொந்தக்காரங்க, டாக்டர். புள்ளி வெச்சதெல்லாம் ரத்தம் பார்த்து அந்த நொதி இல்லைன்னு தெரிஞ்சவங்க. எல்லார்கிட்டேயும் இதே மாதிரி தாள் இருக்கு" என்று சொல்லி, ஐந்தாவது பெயரில் விரலை வைத்தார். "இவரு எங்க சின்ன மாமா. போன வருஷம் நெல்லூர்ல ஆபரேஷன். தாளைக் காட்டியிருக்காரு, வேற மருந்து போட்டிருக்காங்க. சாயங்காலமே எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாராம்."